சாக்லேட்காரர் ஜார்ஜ் கேட்பரி

பிறந்த நாள் வந்தால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வகுப்பு முழுவதும் சாக்லேட் கொடுப்பீர்கள், இல்லையா? டீச்சருக்கு மட்டும் இரண்டு! நானும் அப்படி நிறைய வாங்கித் தின்றவன்தான். முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தால் சும்மாவா?

அந்த சாக்லேட் காகிதங்களில் கேட்பரி என்ற பெயரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஏதோ கம்பெனிக்கு வைத்த பெயர் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு குடும்பத்தின் பெயர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் வாழ்ந்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் கேட்பரி என்பவரின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இனிப்பான கதைதான். ஆனால் நடுவில் ஓரிடத்தில் கசக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜார்ஜ் பிறந்தது 1839-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி. அப்பா ஜான் கேட்பரி. அவர் 1824-இல் பர்மிங்காமில் புல் ஸ்ட்ரீட் என்ற தெருவில் ஒரு கடை வைத்தார். டீ, காபி, கோக்கோ விற்கும் கடை. ஏன் இந்தச் சரக்குகள் தெரியுமா? அந்தக் காலத்தில் ஏழைத் தொழிலாளிகள் வாங்கிய கூலியைக் குடியில் தொலைத்தார்கள். பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். சாராயத்துக்குப் பதிலாகக் குடிக்கச் சூடாக, நல்லதாக ஏதாவது கிடைத்தால் மனிதர்கள் திருந்துவார்கள் என்று ஜான் நம்பினார். அவர் இன்னொரு நல்ல காரியமும் செய்தார். அந்த நாளில் புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சின்னப் பையன்களை அதற்குள் ஏற்றிவிடுவார்கள். உங்கள் வயதுகூட இருக்காது! மூச்சுத் திணறிச் செத்த பிள்ளைகள் உண்டு. அந்தக் கொடுமையை நிறுத்தவும் அவர் பாடுபட்டார்.

கேட்பரி குடும்பத்தார் கிறிஸ்தவர்கள். கிறிஸ்தவர்களில் குவேக்கர் என்ற சிறிய பிரிவைச் சேர்ந்தவர்கள். நண்பர்கள் சங்கம் என்பது அந்தப் பிரிவின் முறையான பெயர். இவர்கள் வழிபாடு வித்தியாசமானது. பாதிரியார் கிடையாது. எல்லோரும் ஒரு கூடத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது மனத்தில் ஏதாவது தோன்றினால் எழுந்து சொல்வார்கள். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கடவுளின் ஒளி கொஞ்சம் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆணானாலும் பெண்ணானாலும், சீமானானாலும் கூலியானாலும் அந்த ஒளி உண்டு. ஆகவே பிரபுக்களைக் கண்டாலும் தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போட மாட்டார்கள். போருக்குப் போக மாட்டார்கள். கோர்ட்டில் சத்தியம் செய்ய மாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம்.

இதனால் அவர்களுக்கு நஷ்டமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் வெகுகாலம் அவர்கள் பட்டம் பெற முடியவில்லை. இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கே அங்கே இடம். அதனால் குவேக்கர் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் வியாபாரத்தில் இறங்கினார்கள். அளவு, விலை, பேச்சு எல்லாம் நேராக இருந்ததால் ஜனங்களுக்கு அவர்கள் கடைமேல் நம்பிக்கை.

ஜார்ஜுக்கு 15 வயதாகும்போது அம்மா காலமானார். மனைவி போன பிறகு அப்பா உடைந்துபோனார். உடம்பும் கெட்டது. வியாபாரம் படுத்துவிட்டது. பிரிட்ஜ் ஸ்ட்ரீட் என்ற இடத்தில் இருந்த கோக்கோத் தொழிற்சாலையில் ஆட்கள் மளமளவென்று குறைந்து, இருபது பேர்கூட இல்லாத நிலை வந்தது. 1861-இல் அப்பா ஒதுங்கிக்கொள்ள, பொறுப்பு பிள்ளைகள் தலையில் விழுந்தது. அண்ணன் ரிச்சர்டுக்கு 25 வயது. ஜார்ஜுக்கு 21.

அம்மா விட்டுப்போன சொத்தில் ஆளுக்கு 4,000 பவுண்டு கிடைத்தது. அதைத் தொழிலில் போட்டார்கள். முதல் வருடம் நஷ்டம். அடுத்த வருடமும் நஷ்டம்! ஜார்ஜ் தன் செலவை ஒட்டச் சுருக்கினார். துணிமணி, பயணம், தர்மம் எல்லாம் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 25 பவுண்டில் முடித்துக்கொண்டார். செய்தித்தாள் வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டார். விடியற்காலையில் தொழிற்சாலைக்கு வந்தால் இருட்டிய பிறகே வீடு.

அண்ணனும் தம்பியும் ஒரு முடிவு செய்திருந்தார்கள். கடன் வாங்குவதில்லை. போட்ட பணம் கரைந்துகொண்டே போனால், அடுத்தவருக்கு ஒரு காசு பாக்கி வைக்கும் முன்பே கடையை மூடிவிட வேண்டும். அப்படி மூடினால் ரிச்சர்டு நிலம் அளக்கும் வேலைக்குப் போவார். ஜார்ஜ் எங்கே போவதாக இருந்தார் தெரியுமா? நம் இந்தியாவுக்கு! இமயமலைப் பக்கம் தேயிலைத் தோட்டக்காரராகப் போக நினைத்திருந்தார். நல்ல வேளை, 1864-இல் கொஞ்சம் லாபம் தலைகாட்டியது. தப்பித்தார்கள்.

அப்போது அவர்கள் விற்ற கோக்கோ எப்படி இருந்தது என்று கேளுங்கள். கோக்கோக் கொட்டையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அரைத்து வெந்நீரில் கலக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும். குடிக்கவே முடியாது. அந்தக் கொழுப்பை உறிஞ்சுவதற்காக உருளைக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி மாவு, சர்க்கரைப்பாகு என்று எல்லாவற்றையும் கலப்பார்கள். கேட்பரி கோக்கோவில் உண்மையான கோக்கோ ஐந்தில் ஒரு பங்குதான். ஊரே அப்படித்தான் விற்றது. வேறு சிலரோ செங்கல் பொடியைக்கூடக் கலந்தார்கள்!

ஜார்ஜுக்கு மனம் ஒப்பவில்லை. ஹாலந்து நாட்டில் வான் ஹூட்டன் என்பவர், கோக்கோவைப் பிழிந்து கொழுப்பை வெளியேற்றும் இயந்திரம் செய்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டார். உடனே கப்பல் ஏறிவிட்டார். டச்சு மொழி ஒரு வார்த்தை தெரியாது. அகராதியையும் சைகையையும் வைத்தே பேசி இயந்திரத்தை வாங்கி வந்தார். 1866-இல் மாவு கலக்காத சுத்தமான கோக்கோவைக் கடைக்கு அனுப்பினார்கள். டாக்டர்கள் அதைப் பாராட்டினார்கள். பிழிந்தெடுத்த கோக்கோ வெண்ணெயை என்ன செய்வது? அதைச் சேர்த்துக் கடித்துத் தின்னும் சாக்லேட் செய்தார்கள். ஆக, நீங்கள் சப்புக்கொட்டும் பண்டத்துக்கும் அந்த இயந்திரத்துக்கும் சம்பந்தம் உண்டு.

வியாபாரம் வளர்ந்தது. இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது.

அந்தக் காலத்தில் முதலாளி என்றால் தொழிலாளிக்குச் சிம்ம சொப்பனம். ஆள் பெயர்கூட முதலாளிக்குத் தெரியாது. கேட்பரி தொழிற்சாலையிலோ காலையில் வேலை தொடங்கும் முன் முதலாளியும் தொழிலாளிகளும் ஒரே அறையில் கூடுவார்கள். ஒரு பாட்டு. பைபிளிலிருந்து ஒரு பகுதி. சிறிது நேரம் அமைதி. பிறகு வேலை. பல வருடங்கள் இது நடந்தது. தொழிலாளிகள் அண்ணனையும் தம்பியையும் மிஸ்டர் ரிச்சர்டு, மிஸ்டர் ஜார்ஜ் என்று முதல் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். ஓய்வு நேரத்தில் முதலாளியும் தொழிலாளிகளும் சேர்ந்து கிரிக்கெட் ஆடுவார்கள். சனிக்கிழமை பிற்பகல் விடுமுறை என்பதை பர்மிங்காமில் முதலில் கொண்டுவந்தவர்களில் இவர்களும் உண்டு.

சேர்ந்து பிரார்த்தனை செய்வது பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். அதுமட்டும் போதாதுதான். பிரார்த்தனை முடித்துவிட்டுத் தொழிலாளியைக் கசக்கிப் பிழிந்த முதலாளிகளும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். ஜார்ஜை மாற்றியது தொழிற்சாலையைவிட, அவர் பாடம் நடத்திய பள்ளிக்கூடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. (வாத்தியார் புத்தி, வேறென்ன தோன்றும் என்கிறீர்களா?)

பர்மிங்காமில் செவர்ன் ஸ்ட்ரீட்டில் குவேக்கர்கள் ஒரு முதியோர் பள்ளி நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதிகாலையில் வகுப்பு. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிகள் வருவார்கள். அங்கே 14-ஆம் வகுப்பு ஜார்ஜின் வகுப்பு. இருபது வயதை ஒட்டிப் பாடம் சொல்லத் தொடங்கியவர், ஏறத்தாழ ஐம்பது வருடம் சொல்லிக்கொடுத்தார். கோடீஸ்வரரான பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு எழுந்து நகரத்துக்குப் போவார். முதலில் குதிரையில் போனார். பிற்காலத்தில் சைக்கிள்!

சம்மட்டி பிடித்துப் பழகிய விரலுக்குப் பென்சில் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அனுபவம் எனக்கும் கொஞ்சம் உண்டு. ஓர் எழுத்தை எழுதி முடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிடும். ஜார்ஜின் வகுப்பில் ஜெயிலுக்குப் போய் வந்தவர்களும் இருந்தார்கள். குடிகாரர்களும் இருந்தார்கள். வராதவர்களைத் தேடி அவர் வீட்டுக்கே போனார். அங்கேதான் அவர் கண் திறந்தது.

பர்மிங்காமின் ஏழைகள் வீடு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஒரு வீட்டின் பின்சுவரே அடுத்த வீட்டின் பின்சுவர். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். பின்வாசல் இல்லை. பின்பக்கம் ஜன்னல் இல்லை. காற்று எப்படி வரும்? முற்றத்தில் ஒரு குழாய், ஒன்றிரண்டு கழிப்பறை. சுற்றியுள்ள குடும்பங்கள் அத்தனைக்கும் அதுதான். மேலே தொழிற்சாலைப் புகை. இப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறவனிடம் குடிக்காதே, ஒழுங்காக இரு என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசினால் போதுமா? முதலில் அவனுக்கு வெளிச்சமும் காற்றும் கொடுக்க வேண்டாமா? இப்படி யோசிக்கத் தொடங்கினார் ஜார்ஜ்.

பிரிட்ஜ் ஸ்ட்ரீட் தொழிற்சாலையிலும் இடம் போதவில்லை. 1878-இல் அண்ணனும் தம்பியும் ஊருக்கு வெளியே நான்கு மைல் தள்ளி, பதினாலரை ஏக்கர் நிலம் வாங்கினார்கள். சுற்றிலும் வயல், புல்வெளி. போர்ன் என்ற சிற்றோடை ஓடியது. அதனால் போர்ன்வில் என்று பெயர் வைத்தார்கள். 1879-இல் தொழிற்சாலை அங்கே குடிபெயர்ந்தது. மற்ற வியாபாரிகளுக்கு ஆச்சரியம். காட்டில் போய்த் தொழிற்சாலை கட்டுவார்களா? ஆனால் இவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். பக்கத்திலேயே ரயில் பாதை. பக்கத்திலேயே கால்வாய். சரக்கு வர, போக ஒரு கஷ்டமும் இல்லை. சுத்தமான காற்று சாக்லேட்டுக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது!

பர்மிங்காமிலிருந்து வரும் தொழிலாளிகளுக்காக ரயில் கம்பெனியிடம் பேசிக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் வாங்கிக்கொடுத்தார்கள். மழையில் நனைந்து வந்தால் துணி உலர்த்த அறை இருந்தது. கொண்டுவந்த சாப்பாட்டைச் சூடு பண்ணச் சமையலறை இருந்தது. ஆண்களுக்கு விளையாட்டு மைதானம், பெண்களுக்குத் தனி மைதானம். பிறகு நீச்சல் குளம், டாக்டர், பல் டாக்டர், முதுமையில் பென்ஷன் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1902-இல் யோசனைத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வேலையை எளிதாக்க எந்தத் தொழிலாளியும் யோசனை சொல்லலாம். யோசனை நன்றாக இருந்தால் பரிசு! 18 வயதுக்குக் கீழே உள்ள தொழிலாளிகள் மாலை வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். டிமிக்கி கொடுக்க முடியாது.

அடுத்தது வீடு. 1893-இல் ஜார்ஜ் தன் சொந்தப் பணத்தில் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் 120 ஏக்கர் வாங்கினார். வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வி என்ற இளம் கட்டடக் கலைஞரிடம் பொறுப்பைக் கொடுத்தார். 1895-இல் வேலை தொடங்கியது. மனையில் கால்வாசிக்கு மேல் வீடு கட்டக் கூடாது. மீதி தோட்டம். தோட்டத்தில் பழமரங்களை நட்டுத்தான் குடிவைத்தார்கள். அகலமான தெரு, ஓரத்தில் மரம். மதுக்கடை மட்டும் கிடையாது.

இன்னொரு விஷயம் முக்கியம். தன் தொழிலாளிகளுக்கு மட்டும் என்று அவர் இந்த வீடுகளைக் கட்டவில்லை. யார் வேண்டுமானாலும் குடிவரலாம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற பயம் யாருக்கும் இருக்கக் கூடாது என்றே நானும் நினைப்பேன். சில முதலாளிகள் அப்படித்தான் வீட்டைக் காட்டி ஆளைக் கட்டிப்போட்டார்கள்.

முதலில் இந்த வீடுகளை அடக்க விலைக்கு நீண்டகாலக் குத்தகையாகக் கொடுத்தார். என்ன ஆயிற்று? வாங்கிய சிலர் அதிக விலைக்கு விற்று லாபம் பார்த்தார்கள்! மனிதர்கள் எங்கேயும் மனிதர்கள்தானே. ஜார்ஜ் யோசித்தார். 1900-ஆம் ஆண்டு டிசம்பரில் 313 வீடுகளையும் 330 ஏக்கர் நிலத்தையும் போர்ன்வில் கிராம அறக்கட்டளை என்ற பெயரில் எழுதிவைத்துவிட்டார். தனக்கோ பிள்ளைகளுக்கோ அதில் ஒரு காசு உரிமை இல்லை. வாடகைப் பணத்தில் மேலும் வீடு கட்ட வேண்டும், அவ்வளவுதான். பெரும் சொத்தைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போவது அவர்களுக்கு நன்மை செய்யாது என்பது அவர் எண்ணம். சில வருடங்கள் கழித்துப் போர்ன்வில் பிள்ளைகளை அளந்து பார்த்தார்கள். நகரத்துச் சேரிப் பிள்ளைகளைவிட அவர்கள் உயரமாக இருந்தார்கள். எடையும் கூடுதல்!

அண்ணன் ரிச்சர்டு இதைப் பார்க்கவில்லை. 1899-இல் ஜெருசலேமுக்குப் போயிருந்தபோது நோய் கண்டு இறந்துவிட்டார். நாற்பது வருடம் தோளோடு தோள் நின்ற அண்ணன். அப்போது தொழிற்சாலையில் 2,600 பேருக்கு மேல். ஜார்ஜ் தலைவரானார்.

எல்லாம் நல்லதாகவே சொல்கிறேனே என்று பார்க்கிறீர்களா? எனக்குப் பிடிக்காததும் உண்டு. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், ஒரு பைபிளும் ஒரு பூவும் பரிசாகக் கொடுப்பார்கள். கூடவே வேலையிலிருந்தும் அனுப்பிவிடுவார்கள்! மணமான பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்ற கொள்கை. அவள் விருப்பம் என்ன என்று கேட்கவில்லை. பெண்களுக்கு ஆண்களைவிடக் கூலியும் குறைவு. அன்று எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று சொல்லலாம். ஆனாலும் எத்தனையோ விஷயங்களில் ஊரோடு ஒத்துப்போகாதவர் இதில் மட்டும் ஒத்துப்போனாரே என்று எனக்கு வருத்தம்.

சரி, கசக்கும் என்று சொன்ன இடத்துக்கு வருவோம்.

கோக்கோ இங்கிலாந்தில் விளையாது. அதற்கு வெப்பமும் மழையும் வேண்டும். 1900 வாக்கில் கேட்பரி வாங்கிய கோக்கோவில் பெரும் பங்கு ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் உள்ள சாவோ தோமே என்ற தீவிலிருந்து வந்தது. அது போர்ச்சுக்கல் நாட்டின் ஆட்சியில் இருந்தது. 1901-இல் ஜார்ஜின் அண்ணன் மகன் வில்லியம் காதுக்கு ஒரு செய்தி எட்டியது. அந்தத் தீவின் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் அடிமைகள் என்றார்கள். ஒரு தோட்டம் விலைக்கு வந்தபோது, அதன் சொத்துப் பட்டியலில் மரம், கட்டடம், மாடு ஆகியவற்றோடு மனிதர்களையும் சேர்த்து விலை போட்டிருந்தது!

சட்டப்படி போர்ச்சுக்கல் அடிமை முறையை எப்போதோ ஒழித்துவிட்டது. காகிதத்தில் அவர்கள் ஐந்து வருட ஒப்பந்தக் கூலிகள். ஆனால் அங்கோலா நாட்டின் உட்பகுதியில் பிடித்து, நடத்திக் கூட்டிவந்து, கப்பலேற்றிக் கொண்டுபோன அந்த ஆப்பிரிக்கர்கள் ஊர் திரும்பியதே இல்லை. ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும். நோயிலும் ஏக்கத்திலும் ஏராளமானவர்கள் மடிந்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். போர்ன்வில்லில் மழையில் நனைந்த பெண்ணுக்குத் துணி உலர்த்த அறை. அவள் கையில் வந்து சேரும் கோக்கோவைப் பறித்தவனுக்கோ கழுத்தில் நுகத்தடி.

ஜார்ஜும் வில்லியமும் என்ன செய்தார்கள்? உடனே வாங்குவதை நிறுத்தவில்லை. நாம் நிறுத்தினால் வேறொருவர் வாங்கிக்கொள்வார், தோட்டக்காரர்களுக்கு நம்மேல் பயம் போய்விடும், வாங்கிக்கொண்டே வற்புறுத்தினால்தான் மாறுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வில்லியம் 1903-இல் லிஸ்பன் நகருக்குப் போய் அதிகாரிகளைப் பார்த்தார். திருத்துகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஜோசப் பர்ட் என்ற குவேக்கரை விசாரிக்க அனுப்பினார்கள். அவர் 1905-இல் புறப்பட்டு, தீவிலும் அங்கோலாவிலும் சுற்றி, 1907-இல்தான் திரும்பினார். அதற்குள் ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் தனியாகப் போய்ப் பார்த்துவந்து, 1906-இல் புத்தகமே எழுதி உலகத்துக்குச் சொல்லிவிட்டார். பர்ட்டின் அறிக்கையும் அதையே சொன்னது. பிரிட்டிஷ் அரசாங்கமோ கொஞ்சம் பொறுங்கள் என்றது. பொறுத்தார்கள். 1908-இல் வில்லியமே ஆப்பிரிக்காவுக்குப் போனார். கடைசியில் 1909 மார்ச்சில்தான் அந்தத் தீவின் கோக்கோவை வாங்குவதில்லை என்று கேட்பரி கம்பெனி அறிவித்தது. மற்ற சில பெரிய சாக்லேட் கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன.

1901-லிருந்து 1909 வரை. எட்டு வருடம்! அந்த எட்டு வருடமும் அந்தக் கோக்கோ வந்துகொண்டுதான் இருந்தது.

இதை ஒரு பத்திரிகை பிடித்துக்கொண்டது. ஸ்டாண்டர்டு என்ற நாளிதழ். ஜார்ஜுக்கும் சொந்தமாக ஒரு நாளிதழ் உண்டு. டெய்லி நியூஸ். தென் ஆப்பிரிக்காவில் நடந்த போரை எதிர்ப்பதற்காகவே 1901-இல் அதை வாங்கினார். தென் ஆப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகளை அடிமை போல நடத்துவதைக் கண்டித்து அது எழுதியது. ஊருக்கு உபதேசம் செய்கிறாயே, உன் கோக்கோவைப் பறிப்பது யார் என்ற பொருளில் ஸ்டாண்டர்டு 1908-இல் எழுதிவிட்டது. கேட்பரி கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட்டது. 1909 கடைசியில் பர்மிங்காமில் வழக்கு நடந்தது. கேட்பரிக்காக வாதாடியவர் ரூஃபஸ் ஐசக்ஸ். பின்னாளில் ரீடிங் பிரபு என்ற பெயரில் நம் நாட்டுக்கு வைஸ்ராயாக வந்தாரே, அவரேதான்.

தீர்ப்பு கேட்பரி பக்கம். நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஃபார்திங்! பென்னியில் கால் பங்கு. நம் ஊர்ப் பழைய காலணா மாதிரி. பத்திரிகை எழுதியது சட்டப்படி தப்புத்தான், ஆனால் உங்கள்மேல் பழியே இல்லை என்று எங்களால் சொல்ல முடியவில்லை என்று ஜூரிகள் சொல்லாமல் சொன்னது போல இருந்தது அது. ஜெயித்தும் தலைகுனிவு. பிறகு கேட்பரி கம்பெனி கோல்டு கோஸ்ட் பக்கம் திரும்பியது. இன்று அந்த நாட்டின் பெயர் கானா. அங்கே ஆப்பிரிக்க விவசாயிகளே தங்கள் சொந்த நிலத்தில் கோக்கோ பயிரிட்டு விற்றார்கள்.

அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்கிற மனிதனின் கஷ்டம் அவருக்கு உடனே உறைத்தது. கடலுக்கு அப்பால் இருந்தவனின் கஷ்டம் உறைத்துச் செயலாக எட்டு வருடம் ஆயிற்று. அவர் செய்த நல்லதையெல்லாம் இது அழித்துவிடுமா, அல்லது அந்த நல்லதெல்லாம் சேர்ந்து இதை மூடிவிடுமா? நீங்களே வீட்டில் அப்பா அம்மாவிடம் பேசிப் பாருங்கள்.

அந்த ஆண்டுகளில் ஜார்ஜ் வேறு காரியங்களும் செய்தார். வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டி, சட்டை தைத்து, அற்பக் கூலி வாங்கிய பெண்களின் நிலையைக் காட்ட டெய்லி நியூஸ் 1906-இல் லண்டனில் ஒரு கண்காட்சி நடத்தியது. அந்தப் பெண்களே அங்கே உட்கார்ந்து வேலை செய்து காட்டினார்கள். எத்தனை மணி நேர வேலைக்கு எவ்வளவு கூலி என்று எழுதி வைத்திருந்தார்கள். வந்து பார்த்த சீமாட்டிகள் திகைத்தார்கள். இதற்காகத் தொடங்கிய சங்கத்துக்கு ஜார்ஜ்தான் தலைவர். 1909-இல் சில தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கச் சட்டம் வந்தது. வயதானவர்களுக்கு அரசு பென்ஷன் கொடுக்க வேண்டும் என்றும் போராடினார். அந்தச் சட்டம் 1908-இல் வந்தது.

அவருக்குக் குழந்தைகள் என்றால் உயிர். நார்த்ஃபீல்டில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெரிய கொட்டகை கட்டினார். கோடைக்காலம் வந்தால் பர்மிங்காம் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே வருவார்கள். புல்லில் உருளலாம், ஓடலாம், குளத்தில் குதிக்கலாம். பிறகு டீயும் பலகாரமும். அந்தப் பிள்ளைகளில் பலர் அதற்கு முன் புல்தரையில் கால் வைத்ததே இல்லை.

தன் பழைய வீடான உட்புரூக்கையும் 1903-இல் குவேக்கர்களின் கல்வி நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1931-இல், வட்டமேஜை மாநாட்டுக்காக இங்கிலாந்து போன காந்திஜி அந்த உட்புரூக்குக்கு வந்தார்.

ஜார்ஜ் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி காலமானார். வயது 83. போர்ன்வில்லின் நடுவே கிரீன் என்று ஒரு புல்வெளித் திடல் உண்டு. அங்கே அஞ்சலிக் கூட்டம் நடந்தது. பதினாறாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள் என்கிறார்கள். தொழிற்சாலைக்காரர்கள் வந்தார்கள். அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் வந்தார்கள். திடலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடக் கோபுரத்தில் 1906-இல் அவர் வாங்கி வைத்த மணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. பெல்ஜியம் போயிருந்தபோது அப்படிப்பட்ட மணிகளின் இசையைக் கேட்டு ஆசைப்பட்டு, தன் ஊர்க்காரர்களும் கேட்கட்டும் என்று வாங்கியவை.

கேட்பரி கம்பெனி 2010-இல் வேறு கைக்கு மாறிவிட்டது. போர்ன்வில் அறக்கட்டளை இன்னும் வீடுகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறது.